தண்ணீர் சுமப்பவளின் நான்கு வரிகள்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஆண்டுதோறும் அதே சோக நாடகம்தான். பாலில் விஷம் வைத்தான் என்று ராஜா பெற்ற மகனின் தலையையே வாங்கிவிடுகிறான். வைத்தது மந்திரி. பார்த்தவள் அரண்மனைக்குத் தண்ணீர் சுமப்பவள். சபைக்கு ஓடிவந்து சொல்கிறாள். காவலர்கள் இழுத்துப் போகிறார்கள். அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. நான்கே வரி. இந்த ஆண்டு அது எனக்குக் கிடைத்தது.

ராஜா வேடம் எப்போதும் எங்களை வேலை வாங்கும் மண்டோருக்குத்தான். இப்போதைய மண்டோர் மகேந்திரன்.

கடைசி ஒத்திகையில், நாடகம் பழக்க ரவாங்கிலிருந்து வந்த திவாகரன் தயங்கினான். "அக்கா, உங்க சீனை எடுத்தாச்சு. டைம் பத்தல லா."

"யாரு எடுக்கச் சொன்னா?"

அவன் மண்டோரைப் பார்த்தான்.

"நீ வர்ற, கத்துற, யாரும் கேக்கல, போற. அந்தப் பொம்பள வந்தா என்ன, வராட்டி என்ன?" என்றார் மண்டோர். "பின்னால நின்னு சாமரம் வீசு, போதும்."

"அவ வராட்டி, ராஜா தெரியாம கொன்னுட்டான்னு ஆயிடும். பாவம்னு அழுவாங்க. அவ வந்து சொல்லியும் கொன்னான்ல, அதுதான மண்டோரே கதை?"

"எழுத்துக்கூட்டிப் படிக்கவே இப்பதான் கத்துக்கிட்ட புனிதா, அதுக்குள்ள எங்களுக்குப் பாடமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சாமரத்தை வாங்கிக்கொண்டேன்.

திருவிழாவன்று சபாக்கிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். காலையெல்லாம் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிய இடுப்பு, நிற்க விடவில்லை. என் காட்சியை எடுத்தவர்கள் அதற்கு முந்தைய வரியை எடுக்க மறந்திருந்தார்கள்.

"இவனுக்காகப் பேச எவரேனும் உண்டா?" என்று ராஜா கேட்டார்.

சாமரத்தைக் கீழே போட்டேன். "நான் இருக்கிறேன், அரசே!"

மண்டோர் மைக்கைக் கையால் பொத்தினார். எனக்கு மைக் எதற்கு? டிராக்டர் சத்தத்தை மீறி பத்து மரநிரை தாண்டிக் கூப்பிடும் தொண்டை இது. நான்கு வரியும் வாசல் கடைவரை கேட்டது.

மண்டோருக்குத் தான் ராஜா என்பதே மறந்துவிட்டது. மைக்கிலிருந்து கையை எடுத்து என்னை நோக்கி நீட்டினார். "ஏய் புனிதா! வாய மூடிட்டு வேலயப் பாரு!"

ஒலிபெருக்கி அதைத் தோட்டம் முழுக்கச் சொன்னது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "சொல்றதக் கேளுங்க மண்டோரே!"

அவர் கேட்கவில்லை. கதைப்படி மகனைக் கொன்றார், உடல்மேல் விழுந்து அழுதார். ஒவ்வோர் ஆண்டும் அந்த இடத்தில் எங்கள் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். இந்த ஆண்டு ஒருத்தியும் அழவில்லை.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எனக்குச் சேற்று நிரையைக் கொடுத்தார். "அடுத்த வருசம் உனக்கு வேசமே கெடையாது."

"வேற ஒருத்தி வந்து சொல்லுவா, மண்டோரே" என்று சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.