கடகடக்கும் லோரி

தம்புசாமி ஓட்டும் லோரி ஒரு மாதமாகக் கடகடத்துக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வாயைத் திறக்காது. பிரிக்பீல்ட்ஸைத் தாண்டி, ரப்பர் ஷீட் பாரத்தோடு கிள்ளான் சாலையில் நாலு பள்ளம் இறங்கி ஏறியதும் ஆரம்பித்துவிடும்.

லோரிக்கு வயது ஒன்றும் குறைச்சலில்லை. நாட்டுக்கு டீசல் வந்த புதிதில் வந்திறங்கி, மூன்று கை மாறி நாராயணன் முதலாளியிடம் சேர்ந்தது. பட்டறைக்காரன் ஒருவன் நின்ற வண்டியைப் பார்த்தே, "பேரிங் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். கேட்காத சத்தத்துக்கே தீர்ப்புச் சொன்ன மகராசன்! முதலாளியும் அதையே பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கிழம பழைய இரும்புக்காரன் வரான், தம்புசாமி. அதுக்குள்ள சத்தத்த நிறுத்திட்டா ஓட்டு. இல்லன்னா வண்டியும் இல்ல, வேலையும் இல்ல லா."

ஐம்பத்திரண்டு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? ஞாயிறு காலையிலிருந்து தம்புசாமி தனியாக மல்லுக்கட்டினார். டீசல் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு சிலிண்டராக அடக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். பேரிங் போயிருந்தால் அந்தச் சிலிண்டரை அடக்கியதும் சத்தம் குறைய வேண்டும். எதை அடக்கியும் சத்தம் அடங்கவில்லை. அப்படியானால் பேரிங் இல்லை. பின்னே எங்கே? ஓட்டுகிறவன் கையை ஸ்டியரிங்கை விட்டு எடுக்க முடியாது. எஞ்சின் பக்கம் காதை வைக்க இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த இன்னொரு ஆள்தான் அவருக்கு இல்லை. மனைவி இராஜம்மா காய்ச்சலில் போய் மூன்று வருஷமாகிறது. அதன்பிறகு அவர் யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. "ஆமா", "சரி" என்றே காலத்தை ஓட்டிவிட்டார்.

பக்கத்து அறைக் கன்னையா ரயில்வேயில் சக்கரம் தட்டுகிறவன். சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுகிற காது. இத்தனை நாள் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டு, இன்று எந்த முகத்தோடு கேட்பது? வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவன் கதவைத் தட்டினார்.

"இதுக்கா இவ்ளோ யோசன? வாங்கண்ணே" என்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

புட்போர்டில் நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி மட்கார்டின் மேல் குனிந்து காதைக் கொடுத்தான். கிள்ளான் சாலைப் பள்ளங்களில் அரை மைல்கூடப் போகவில்லை.

"நிறுத்துங்கண்ணே! எஞ்சின் இல்ல. அடித்தகரத்துல ஏதோ உருளுது."

தம்புசாமிக்குப் போன உயிர் வந்தது. எஞ்சினுக்கு அடியில் சேறு தெறிக்காமல் மறைக்கும் தகரத்தை இருவருமாகக் கழற்றினார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழ் உருண்டு விழுந்தது.

போன மாதம் ஆயுத பூஜையன்று போனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பொட்டு வைத்தவர், சிமிழை அங்கேயே ஓரத்தில் வைத்து மூடிவிட்டிருக்கிறார். இராஜம்மா இருந்தவரை பொட்டு வைப்பது அவள் வேலை. சிமிழும் அவளுடையது.

"வேல தப்பிச்சுது!" என்று கன்னையா சிரித்தான். சிமிழைக் கைலியில் துடைத்து நீட்டினான். "அண்ணியோடதா? ஒரு மாசமா வீட்டுல தேடலயா?"

தம்புசாமி வாங்கிக்கொண்டார். வீட்டில் சாமி படத்தின் கீழே அது இருந்த இடம் ஒரு மாதமாகக் காலியாகத்தான் இருந்திருக்கிறது. தினமும் அதற்கு முன்னால் நின்று கும்பிட்டிருக்கிறார். வேலை பிழைத்த சந்தோஷம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

"இல்ல தம்பி" என்றார். "தேடவே இல்ல."