பின்பாதிக்காரன்

எங்கள் வீட்டில் புத்தகத்தைக் கத்தியால் வெட்டுவோம். நாங்கள் படிக்கிற தொடர்கதையின் புதுப் பாகம் கைக்கு வந்ததும் அக்கா அதை மேஜைமேல் குப்புறப் போடுவாள். நடுவில் ஒரு அத்தியாயம் முடிகிற இடம் பார்த்து, காய் நறுக்கும் கத்தியால் முதுகில் ஒரே இழுப்பு. முன்பாதி அவளுக்கு. இரண்டு வருஷம் முன்னால் பிறந்தவள், அதுதான் தகுதி. பின்பாதி எனக்கு. அவள் முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை, அதனால் கையில் கிடைத்ததைப் படிக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு ஓடக்காரியும், வாயைத் திறந்தால் பொய் சொல்லும் ஒற்றைக்கண் நாரையும் தண்ணீருக்கடியில் இருக்கிற ஒரு ராஜ்யத்தைத் தேடிப் போகிற கதை. மொத்தம் ஆறு பாகம். அதில் எல்லோரையும் அவர்கள் செத்த பிறகுதான் நான் சந்தித்தேன். ஓடக்காரியின் அப்பாவுக்குச் சிதை மூட்டிவிட்டுத்தான் அந்த ஆள் எவ்வளவு நன்றாகப் பாடுவான் என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு சட்டம் இருந்தது. பாதியை மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் முழுசாக முடிக்கும்வரை கதையைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. நான் வாயைத் திறந்தாலே அக்கா காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள்.

"அம்மா! இவன் சொல்றான்மா!"

"நான் ஒண்ணும் சொல்லல. அந்தத் தளபதி நல்லவன்னு நினைக்காதன்னுதான்..."

"பாதி புக்கு படிச்சவனுக்கு வாய் மட்டும் முழுசு!"

"ரெண்டு பேருக்கும் அந்தக் கத்திய வச்சே பூசை போடறேன் இருங்க," என்பாள் அம்மா சமையலறையிலிருந்து. "காய் நறுக்கினா ஒரே பசை."

இரண்டு பேரும் முடித்ததும் வெறும் தரையில் படுத்துக்கொண்டு பேசுவோம். நாரை சொன்னதில் எது பொய், எது அரைப் பொய் என்று விடியும்வரை சண்டை போவதுண்டு. வேறு எதையும் பற்றி நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

நான்காம் பாகம் வந்தபோது அவள் ஹாஸ்டலில் இருந்தாள். பாதியை ரயில் ஜன்னல் வழியாக மாற்றிக்கொண்டோம். ஐந்தாவது அவள் கல்யாணத்துக்கு முந்தைய மாதம். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற மாமா அந்த இரண்டு துண்டுகளையும் பார்த்துவிட்டு, "எலியா?" என்று கேட்டார். அதோடு ஆசிரியர் எழுதுவதை நிறுத்திவிட்டார். வருஷங்கள் போயின. அம்மா போய்ச் சேர்ந்தாள், வாடகை வீட்டைக் காலி செய்தோம். நான் படிப்பைப் பாதியில் விட்டேன். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வேன், எதுவும் பொய்யில்லை. இப்போது ஒரு ஆஸ்பத்திரி லாண்டரியில் ராத்திரி வேலை. படுக்கை விரிப்புகளை ட்ரையரிலிருந்து எடுத்து, இரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும். காலையில் அறைக்கு வந்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்குகிறேன். அக்கா வேறு ஊரில் மாமா, மகள், ஆபீஸ் என்று இருக்கிறாள்.

ஆறாம் பாகம் இந்த வருஷம் வந்தது. வேலை முடிந்து கடை திறக்கும்வரை வாசலில் நின்று வாங்கினேன். அறைக்கு வந்ததும் வெட்டினேன். முன்பாதியை அட்டை வைத்துக் கட்டி அக்காவுக்குக் கூரியரில் அனுப்பினேன். குறிப்பு எதுவும் வைக்கவில்லை. நமக்குள் எதற்கு?

பின்பாதியை இரண்டே பகலில் முடித்தேன். அதில் நாரைக்கு இரண்டு கண் இருந்தது. தூக்கிவாரிப் போட்டது. எப்படி வந்தது? யார் கொடுத்தது? பதில் அக்காவிடம் இருந்த பாதியில் இருக்க வேண்டும்.

அவளிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. சட்டம் அது. நாற்பதை நெருங்கியும் மறக்காமல் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாளே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. விரிப்பு மடிக்கும்போது எதிரே நிற்கும் அம்மாள், "என்ன தம்பி, தானா சிரிக்கிற? பொண்ணு கிண்ணு பார்த்திருக்காங்களா?" என்றார். எங்கள் வீட்டில் பெண் பார்க்க இனி யார் இருக்கிறார்கள்? விரிப்பின் அடுத்த முனையை அவரிடம் நீட்டினேன்.

மாதம் ஒன்றுக்கு மேல் ஆன பிறகு ஒரு மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். தூக்கம் கலைந்து எழுந்தேன். படித்து முடித்துவிட்டாள்!

"டேய், பாப்பாவோட ஸ்கூல்ல அவசரத்துக்குன்னு உன் நம்பர் குடுத்திருக்கேன். யாராவது கூப்பிட்டுக் கேட்டா அவளோட மாமான்னு சொல்லு."

"சரிக்கா."

"தூங்கிட்டிருந்தியா? என்னடா வேலையோ, ஆந்தை மாதிரி."

"பார்சல் வந்துச்சா?"

"எந்த... ஆங், வந்துச்சு வந்துச்சு. கிழிஞ்சு வந்திருக்குன்னு உங்க மாமா கூரியர்காரன்கிட்ட ஒரே சண்டை. நான்தான் சொன்னேன், என் தம்பி கத்தியால வெட்டி அனுப்புவான், அவன் அப்படித்தான்னு."

"எவ்ளோ தூரம் வந்திருக்க?"

"பத்துப் பக்கம் படிச்சேன்டா. தலையும் புரியல, வாலும் புரியல. பழசெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? ஆமா, கடைசில என்னதான் ஆகுது? சொல்லிடேன்."

ஜன்னலில் கட்டியிருந்த போர்வையின் முடிச்சை இறுக்கினேன்.

"டேய், லைன்ல இருக்கியா?"

"ராஜ்யம் கிடைக்குது. அவ உள்ள போகல. ஓடத்தைத் திருப்பிடறா."

"அய்யோ, இதுக்கா இத்தனை வருஷம்? சரி, லிஃப்ட் வந்திருச்சு. வேளைக்குச் சாப்பிடு."

பாதியைத் திருப்பி அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. மறுநாள் போய் இன்னொரு புத்தகம் வாங்கினேன். வெட்டவில்லை. முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்தேன். முன்பாதியில் நாரை வந்தது. வந்தபோதே இரண்டு கண். விளக்கம் எங்கேயும் இல்லை. திரும்பப் புரட்டினேன், வரி வரியாகத் தேடினேன். ஆசிரியர் மறந்துவிட்டார், அவ்வளவுதான். அந்தப் பறவைக்கு ஒரு கண் என்பதே அந்த மனுஷனுக்கு ஞாபகம் இல்லை.

தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டினான். போனை எடுத்து அக்காவுக்கு எழுதினேன்: "நாரைக்கு ஒத்தைக் கண்ணுங்கறதயே அந்தாளு மறந்துட்டான்க்கா."

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தபடி ஜன்னல் போர்வையை அவிழ்த்தேன். வெளியே வெயில் இறங்கிவிட்டது. முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.