மூச்சுக்குழாயில் ஒரு தக்கை

கனடாவில் தங்கையின் கலியாணத்துக்குப் புறப்பட்ட புவனேந்திரன், தன் பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிளை ஜேர்மனியின் ஹனோவர் நகரில் ஜேசுரட்ணம் குடியிருந்த வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போனான். "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ அண்ணை, காணும்."

அந்த எஞ்சினில் பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் அடிவயிற்றில் அமுங்கும் காற்றை வெளியே விட ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து தொங்கும் ரப்பர் குழாய் வழியே காற்றோடு ஒன்றிரண்டு சொட்டு எண்ணெயும் விழும். முற்றத்துக் கற்கள் கறுத்தன. கீழ்வீட்டு ஜேர்மன்காரர் பீலிக்ஸ் ஒருநாள் அதைக் காட்டி, "இதில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இந்த நாட்டில் எவரிடமும் பேச்சு வாங்காமல் காலம் தள்ளிய ஜேசுரட்ணத்துக்கு அதுவே போதுமாயிருந்தது. வைன் போத்தல் தக்கை ஒன்றைச் சீவிக் குழாய்க்குள் இறுக்கினார். கற்களில் புதிதாகச் சொட்டு விழவில்லை.

திரும்பி வந்த புவனேந்திரன் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது அவன் காற்சட்டையெல்லாம் எண்ணெய்.

"எண்ணெய் அடைக்கிற சீல் எல்லாத்தாலயும் கக்குது அண்ணை. எஞ்சின் முடிஞ்சுது போல." குந்தியிருந்து குழாயைத் தடவியவன் தக்கையை இழுத்தெடுத்தான். "மூச்சுப் போற வழியை அடைச்சா கக்காம என்ன செய்யும்? ஆர் பாத்த வேலை? எண்ணெய் சிந்துது எண்டு கீழ்வீட்டுக்காரன் சொன்னவன் எண்டீங்களே. அவனோ?"

"அப்பிடியும் இருக்கலாம்," என்றார் ஜேசுரட்ணம்.

சொல்லி வாய் மூடுமுன்னே அவன் பீலிக்ஸின் கதவைத் தட்டிவிட்டான். பீலிக்ஸ் தக்கையைப் பார்த்தார். "முறையிட்டது உண்மை. இதை நான் செய்யவில்லை" என்றார். பிறகு ஜேசுரட்ணத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வாய் திறவாமல் இருப்பதை மரியாதை என்று நினைத்தே பழகிய ஜேசுரட்ணத்துக்கு, இன்று அந்த மௌனம் எண்ணெயாய்க் கசந்தது.

"நான்தான் அடைச்சனான், தம்பி," என்றார் தமிழில், நிலத்தைப் பார்த்தபடி.

புவனேந்திரன் தக்கையை அவர் கையில் வைத்தான்.

"எனக்கு விளங்கிட்டுது. இனி அந்த மனுசனுக்கு டொச்சில சொல்லுங்கோ."

வேலைத்தலத்திலும் வைத்தியரிடமும் தடங்கலில்லாமல் வருகிற ஜேர்மன் மொழிதான். முதற் சொல்லோடு இரண்டு தரம் நின்றுபோனார். மூன்றாம் தரம் சொல்லி முடித்தார். பீலிக்ஸ் கேட்டுக்கொண்டார். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. ஒருமுறை தலையசைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.