ஐந்து பொத்தான்கள்

ஏழரை மணிக்குக் காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் வார்டுக்கு வந்துவிடும். அதற்குள் பக்கவாத நோயாளி ப்ரோக்மன் முகம் கழுவி, சட்டை மாட்டி, மேசை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் நெனித்துக்குத் தேர்வு. இரண்டு தேர்வாளர்கள் சுவரோரம் நின்று பார்ப்பார்கள்.

இது இரண்டாவது முறை. மூன்றாவது கிடையாது. தேறினால் ஜெர்மனியில் நர்ஸ். இல்லாவிட்டால் பிலிப்பைன்ஸுக்கே திரும்ப வேண்டியதுதான்.

அங்கே இலோய்லோவில் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு நர்ஸாக இருந்தவள். நானும் அதே ஊர், அதே மருத்துவமனை. இங்கே ப்ரேமன் நகரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் தேர்வு அடுத்த மாதம்.

எங்கள் ஊரில் நர்ஸ் யாரையும் குளிப்பாட்டுவதில்லை. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் வந்துவிடுவார். மகளோ மருமகளோ மச்சானோ, கட்டிலுக்கடியில் பாய் விரித்துக்கொள்வார். துடைப்பது, ஊட்டுவது, தலை வாருவது எல்லாம் அவர் வேலை. ஊசி, மருந்து, குழாய் எங்கள் வேலை.

இங்கே கட்டில்களுக்கு அடியில் யாரும் இல்லை. முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு வந்த நெனித் இரவு சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து அந்த இடத்தில் அவளே போய் நின்றாள். ரொட்டியைத் துண்டாக்கி வாயில் வைத்தாள். காலுறை மாட்டிவிட்டாள். நோயாளிகள் அவளைத்தான் கேட்டார்கள். முதல் தேர்விலும் அதையே செய்தாள். பக்கவாதம் வந்த ஒரு கிழவியை மணப்பெண் மாதிரி அலங்கரித்து உட்காரவைத்தாள்.

பயிற்சிப் பொறுப்பாளர் லூடர்ஸ் அம்மாள் அன்று குரலை உயர்த்தவில்லை.

"அந்த அம்மாவுக்கு ஒரு கைதான் விழுந்துச்சு. நீங்க ரெண்டையும் படுக்க வெச்சிட்டீங்க."

சில நாள் கழித்து ஒரு மாலை, நெனித் தன் இடது கையை ஒரு ஸ்கார்ஃபால் இடுப்போடு கட்டச் சொன்னாள். ஒற்றைக் கையால் சட்டை போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். பக்கவாதம் உனக்கா அவங்களுக்கா அக்கா என்று கேட்டேன். முடிச்சை இன்னும் இறுக்கு என்றாள்.

தேர்வன்று தட்டு வண்டி தள்ளும் வேலை எனக்கு. ப்ரோக்மனின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடது கை மடியில் கிடந்தது. முகத்தை வலது கையால் தானே கழுவியிருந்தார். விழுந்த கையை முதலில் சட்டைக்குள் விடவேண்டும். அதையும் செய்துவிட்டார். மீதி ஐந்து பொத்தான்கள்.

முதலாவது மூன்று முறை நழுவியது. சிஸ்டர், நீங்களே போட்டுவிடுங்கள் என்றார். நெனித் தலையசைத்து மறுத்தாள். அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. ஒரு கை மற்றதன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு பொத்தான்கள் முடிந்தபோது அவர் மகள் அன்கே வந்தாள். வேலைக்குப் போகும் வழியில் துவைத்த துணி கொண்டுவந்திருந்தாள். அப்பாவின் நெற்றியில் வியர்வை. எதிரே மூன்று பேர் சும்மா நிற்கிறார்கள்.

"நின்னு வேடிக்கை பாக்கறீங்களா? எங்கப்பா என்ன சர்க்கஸா?"

தேர்வாளர்கள் பேசவில்லை. பேசக்கூடாது. அன்கே பையைப் போட்டுவிட்டு அப்பாவின் சட்டைக்குக் கை நீட்டினாள்.

நெனித் குறுக்கே போய் நின்றாள்.

எங்கள் ஊரில் ஒரு மகளை அப்படி யாரும் தடுக்க மாட்டார்கள். நெனித்தும் தடுத்ததில்லை. பயந்தால் அவளுடைய ஜெர்மன் துண்டு துண்டாகிவிடும். அன்று ஒரு சொல்லும் பிசகவில்லை.

"வெள்ளிக்கிழமை இவர் வீட்டுக்குப் போறாரு. அங்க தினமும் காலையில நீங்க இருப்பீங்களா?"

அன்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நானும் இருக்க மாட்டேன். இவரோட கை இருக்கும். உக்காருங்க."

ப்ரோக்மன் மகளைப் பார்த்தார். "உக்காரு அன்கே. இந்த சிஸ்டர் பொல்லாதவ."

அன்கே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தட்டுகளை மற்ற அறைகளில் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்தும் முடிந்திருந்தன. ஆனால் ஒன்று தப்பான துளையில் ஏறி, காலர் ஒரு பக்கம் தூக்கி நின்றது. தேர்வாளர்கள் நெனித்தைப் பார்த்தார்கள். அவள் சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அவர் முன்னால் பிடித்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

அவர் டிராம் டிப்போவில் கற்ற ஒரு வசையைச் சொன்னார். எல்லாவற்றையும் அவிழ்த்தார். மேலிருந்து மறுபடி தொடங்கினார்.

கடைசித் தட்டோடு வாசலில் நான் காத்திருந்தேன். காப்பி ஆறிப்போனது. அவர் எழுந்து, கோலூன்றி மேசைக்கு நடந்து, ஆறிய காப்பியைக் குடித்தார். சட்டை நேராக இருந்தது. அன்கே வேலைக்குத் தாமதமாகக் கிளம்பினாள். போகும்போது நெனித்தின் தோளை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போனாள்.

மதியம் லூடர்ஸ் அம்மாள் வந்து, காப்பி ஆறியது தவறில்லை என்றார். பிறகு கை நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, எங்கள் புது நர்ஸ் என்றார். நான் அழுதேன். நெனித் அழவில்லை. முதுகை நிமிர்த்தி நடைவழியின் கோடிவரை நடந்து போனாள். இலோய்லோவில் அவள் வார்டுக்குள் நுழையும் நடை அது. இங்கே வந்ததிலிருந்து நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

வேலை முடிந்து ஓய்வறையிலிருந்து வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். அங்கே இருட்டிவிட்டது. அவள் அப்பா விருந்துக்கு ஒரு முழுப் பன்றியையே தீயில் வாட்டியிருந்தார். கைப்பேசியைக் கரோக்கே பெட்டியில் இணைத்து, ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். திரையில் முகத்துக்குப் பின்னால் முகம். இரண்டு ஜெர்மன்காரர்கள் கண்முன்னால் தன் மகள் ஒரு உயிரைக் காப்பாற்றினாள் என்று அவர் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார் என்பது மெல்லத்தான் எங்களுக்குப் புரிந்தது.

அவர் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனார். தெரு அடங்கியது.

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க நெனித். அந்தப் பெரியவருக்கு நீ என்ன பண்ணினேன்னு உன் வாயாலயே சொல்லும்மா."