பெண்கள் வரிசையில் ஓர் இடம்

அம்பொன்சாவுக்கு வீம்பு அதிகம். கொக்கோ மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகும் அந்த வீம்பு மட்டும் அடிபடாமல் தப்பிவிட்டது.

நின்று குனிந்து காய் உடைக்க அவனால் முடியாது. உட்கார்ந்து, உடைத்த காயிலிருந்து விதை வழிக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் வெட்டுக்கத்தி பிடிப்பது ஆண்கள், விதை வழிப்பது பெண்கள். பெண்களோடு போய் உட்காருவதாவது! ஒருவர் தோட்டத்தில் மற்றவர் போய் உழைக்கும் நோபோவா வழக்கப்படி, வீட்டுக்கு ஒரு கத்தியும் வழிக்க ஒரு ஆளும் போயாக வேண்டும். அவன் தன் கத்தியைப் பதினோரு வயது மகள் மான்சாவிடம் கொடுத்தான். பெரிய ஆம்பளை!

அன்று அவர்கள் தோட்டத்திலேயே காய் உடைப்பு; அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். அவன் மனைவி டூஃபி விதை வழித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் மகள்மேல். இடது உள்ளங்கையில் காய், வலது கையில் கத்தி. அவள் ஓங்கும்போதெல்லாம் தாய் வழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். போன வாரம் சுண்டுவிரலில் பட்ட வெட்டே இன்னும் ஆறவில்லை. இன்னும் துமாசி தோட்டம், கொனாடு தோட்டம் என்று பருவம் முழுக்கக் கிடக்கிறது. அதுவரை பள்ளிக்கூடம் ஏது?

கத்தி வழுக்கியது. மான்சாவின் கட்டைவிரலை உரசிக்கொண்டு மண்ணில் இறங்கியது.

"ஒண்ணும் ஆகலம்மா" என்றாள். விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

டூஃபி எழுந்து போய்க் கத்தியைப் பிடுங்கினாள்.

"நான் உடைக்கிறேன். நீ கையக் கழுவிட்டுப் பள்ளிக்கூடம் போ."

"உனக்கென்ன பைத்தியமா?" அம்பொன்சா ஊன்றுகோலைத் தரையில் தட்டினான். "அப்போ யாரு வழிப்பா?"

"என் இடம் காலியாத்தான் கிடக்கு. சும்மா நிக்கிறவங்க உட்காரட்டும்."

எல்லோர் கையும் நின்றுவிட்டது. டூஃபி கத்தியை விடவில்லை.

"என் மானம் போயிடும்டி" என்றான் அவன், குரல் இறங்கி.

"உங்க மானத்துக்கு என் பிள்ளை விரலா விலை?"

வாயாடி கொனாடு நகர்ந்து இடம் விட்டாள். "வாங்கண்ணே, கடிக்க மாட்டோம். தினமும் உங்களப் பத்தித்தான் பேசுறோம், இன்னைக்கு நேர்லயே கேட்டுக்கலாம்."

சிரிப்பு வெடித்தது. அம்பொன்சா சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தான். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

"கையக் காட்டு."

காட்டினாள். வீங்கிய சுண்டுவிரலையும், கட்டைவிரலில் துளிர்த்திருந்த புது ரத்தத்தையும் பார்த்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே, பெண்கள் நடுவில் உட்கார்ந்தான்.

"விதை ஒட்டியிருக்கிற நடுத்தண்ட உருவிப் போடுங்கண்ணே" என்றாள் கொனாடு. "இத்தனை வருஷம் தோட்டம் வச்சிருக்கார், இது தெரியல!"

மான்சா அசையாமல் நின்றாள்.

"என்னடி வேடிக்கை? ஓடு!" என்றான் அம்பொன்சா.

அவள் ஓடினாள்.

டூஃபி உடைத்த முதல் காய் கோணலாகப் பிளந்தது. இரண்டாவது சரியாக வந்தது.

"அடுத்த வாரம் என் தோட்டம்" என்று துமாசி மெல்ல ஆரம்பித்தான். "கத்திக்கு மான்சா..."

"கத்திக்கு என் பொண்டாட்டி வருவா" என்றான் அம்பொன்சா, தலை நிமிராமல். "வழிக்க நான் வர்றேன். கொனாடு பக்கத்துல மட்டும் இடம் போடாதய்யா, காது போயிடும்."