நீலமாகாத படம்

பொகவந்தலாவையில் எனக்கும் சுலக்ஷனாவுக்கும் பரிசம் போட்ட அன்று தூறல் விழுந்ததா என்று கேட்டால், இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வெயில் அடித்ததாகவே என் நினைவில் இருக்கிறது. அந்த நினைவை நம்பித்தான் நான் கெட்டேன்.

படம் எடுக்க டக்ளஸ் வந்திருந்தான். என் கூட்டாளி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். நுவரெலியாவில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய கெமரா அவனுடையது. பொத்தானை அழுத்தினால் கர்ரென்று ஒரு வெள்ளைத் தாளைத் துப்பும். கால் மணி நேரத்தில் அதில் முகம் தெளியும். ஒரு பெட்டிக்கு எட்டுப் படம்தான். குளிரில் கிடந்தால் படம் நீலம் பாய்ந்துவிடும் என்றும், உடம்புச் சூட்டில் வைத்தால்தான் மஞ்சளும் சிவப்பும் ஏறும் என்றும் சொல்லித்தந்தவன் அவனே.

அன்று படத்தைச் சட்டைக்குள் வைக்க யாரும் அவனை விடவில்லை. வந்த படத்தையெல்லாம் பறித்து மேசையில் பரப்பினார்கள்.

"படத்துக்கும் குளிருதாக்கும்? கம்பளி போத்தி விடுங்க வாத்தியாரே" என்று சிரித்தார் சுலக்ஷனாவின் அம்மா அம்மாக்கண்ணு.

ஏழும் நீலமாயின. கடைசியாக, தேயிலை ஓரத்தில் சுலக்ஷனாவைத் தனியாக எடுத்த எட்டாவது படத்தை நான் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, டக்ளஸின் அறையில், கெமராப் பையில் அதைக் கண்டேன். சேலை சிவப்பாக, முகம் பொன்னிறமாக இருந்தது. பின்புறம் வெள்ளைப் பொடி. அவன் உடம்புச் சூடு, கரும்பலகையில் எழுதும் சோக்குத் தூள். வேறென்ன வேண்டும்?

"இது எப்படிடா ஒங்கிட்ட?"

"அன்னைக்குக் குடுத்தாங்க. தரணும்னு இருந்தேன், மறந்துட்டேன்."

"யாரு குடுத்தா?"

என் முகத்தைப் பார்த்தான். "யாருன்னு நீயே முடிவு பண்ணிட்டபோல. ஒனக்குப் படம் வேணுமா, பதில் வேணுமா?"

"படம்" என்றேன்.

அதன்பின் சுலக்ஷனா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அவன் பெயர் வருகிறதா என்றே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வந்தது. "டக்ளஸ் அண்ணன் எப்படி இருக்காங்க?" அந்த 'அண்ணன்' என்ற சொல்லையும் நான் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைக்கு பஸ் ஏறினேன். அம்மாக்கண்ணு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். படத்தை அவர் முன் வைத்தேன்.

"டக்ளஸோட பையில இருந்துச்சு. ஒங்க மகளுக்கும் அவனுக்கும் என்ன?"

கையில் கரண்டியோடு குசினி வாசலில் சுலக்ஷனா வந்து நின்றாள்.

அம்மாக்கண்ணு படத்தைத் திருப்பிப் பார்த்தார். "அட, இதுவா! தூறல்ல நனையுதேன்னு நாந்தானே புடுங்கி ஜாக்கெட்டுக்குள்ள செருகிக்கிட்டேன். சோறு போடுற அவசரத்துல மறந்தே போச்சு. நீங்கல்லாம் வேன்ல ஏறிட்டீங்க. வாத்தியாரு காலுல சப்பாத்து மாட்டிக்கிட்டு நின்னாரு. மாப்பிள்ளகிட்ட சேத்துருங்கன்னு அவருகிட்ட குடுத்தேன்."

ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு வெற்றிலைப் பையை எடுத்தார். சுண்ணாம்பு டப்பாவின் மூடி கழன்றிருந்தது. "இந்தச் சனியன் எப்பவும் இப்படித்தான், எல்லாத்துலயும் அப்பிரும்" என்றவர், நான் கேட்ட கேள்வி அப்போதுதான் உறைத்ததுபோல நிறுத்தினார். அவர் விரல் நுனியில் அதே வெள்ளை இருந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"தூறல் விழுந்தப்ப என் தலைக்கு மேல துண்டு புடிச்சது நீங்கதான்" என்றாள் சுலக்ஷனா. "அதுகூட ஞாபகமில்ல." "சோக்கும் சூடும் மட்டும் ஞாபகம் இருக்கும்" என்று அவள் சொல்லவில்லை, சோக்கைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அதை நான்தான் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். அவள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் பரிசச் சேலை திரும்பி வந்தது. சுலக்ஷனா ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள்; ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அம்மாக்கண்ணு இன்னும் கொழுந்து பறிக்கிறார். டக்ளஸ் டயகமவுக்கு மாற்றலாகிப் போனான். என் கடிதங்களுக்குப் பதில் போடுவதில்லை. நான் றொசல்லயில் தனியாக இருக்கிறேன்.