ராசியான கப்பல்

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் கட்டிய, இரட்டை அடிப்பாகம் கொண்ட அந்த விரைவுப் பயணிகள் கப்பலில், முதல் பயணத்திலிருந்தே தேநீர் விற்றவள் ரோண்டா. பிறகு கடற்படை அதைக் குத்தகைக்கு எடுத்து, சாம்பல் வண்ணம் பூசிப் போருக்கு அனுப்பியது. கடற்படையில் சேர்ந்திருந்த அவள் மகள் டெல்வினுக்கும் அதே கப்பலில்தான் வேலை. பயணிகள் கூடத்தில் ராக்கெட் விழுந்தபோது டெல்வின் அங்கேயே இறந்துபோனாள்.

கப்பலைச் செப்பனிட்டு, வெள்ளையடித்து, மறுபடியும் பயணிகளுக்கு ஓட்டினார்கள். அந்தக் கூடத்தில் மகள் பெயரில் சின்னதாக ஒரு பலகை வைக்கச் சொல்லிக் கேட்டாள் ரோண்டா.

"இங்க ஏறுறவங்க லீவுக்குக் கிளம்பி வர்றவங்க, ரோண்டா. சாவைப் பத்தி யாரு படிப்பாங்க, சொல்லு?" என்றார் மேலாளர் கார்வின்.

ஆனால் அவரே அந்தக் கூடத்தில் இருந்த கடையில் சாம்பல் நிறப் பொம்மைப் போர்க்கப்பல்களை அடுக்கி, ரோண்டாவை விற்க வைத்தார்.

ஒருநாள் பொம்மை வாங்க வந்தவர், "போருக்குப் போயும் ஒரு கீறல்கூட இல்லையே. ராசியான கப்பல்தான் போங்க" என்று சிரித்தார்.

"நீங்க நிக்கிற இடத்துலதாங்க என் பொண்ணு செத்தா" என்றாள் ரோண்டா.

அவர் பொம்மையை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். மறுநாளே கார்வின் அவளைக் கீழே, கார்கள் நிற்கும் தளத்துக்கு மாற்றினார்.

"அங்க யார்கிட்டயும் நீ வாயே திறக்க வேண்டியதில்ல" என்றார், ஏதோ சலுகை செய்தவர்போல.